பந்தில்லாத ஓட்டம்

பின்னேரம் நாலு மணி பன்னிரண்டுக்கு ட்ரேசியின் செய்தி வந்தது. மவுண்ட் வெல்லிங்டனில், வேலைத்தலத்தின் கார் தரிப்பிடத்தில், டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மடிக்கணினிப் பையை வைக்கத்தான் திறந்தேன். உம்முடைய பயிற்சிச் சட்டைகள், அந்தக் கையில்லாத செம்மஞ்சள் சட்டைகள், வலைப்பைக்குள் நீர் திணித்துப் போட்டபடியே இன்னும் கிடக்கின்றன. ஈரப் புல்லும் கால் பிடிப்புக்குப் பூசும் தைலமும் கலந்த மணம் எழும்பியது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அதிர்ந்தது.

"கிரேக் சம்மதித்துவிட்டார். வியாழக்கிழமையிலிருந்து அவர்தான் தாக்குதல் கோச். நீங்கள் இல்லையென்றால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டேன். வரும்போது சட்டைகளையும் கமெராவையும் கொண்டு வாருங்கள்."

உம்முடைய இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று. நீர் பழக்கிய ஜெஸ்ஸை எடுக்கவில்லை. எடுக்காமல் செய்தது நான்.

இதை உம்மைத் தவிர வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்ட அணி முழுவதற்கும் ட்ரேசி பொறுப்பு என்றால், முன்வரிசை மட்டும் உம்முடையது. "கோல் அடிக்கிற பிள்ளையள் என்ரை, கோல் வாங்கிறது ட்ரேசியின்ரை" என்று சொல்லிச் சிரிப்பீர். பகல் முழுக்க மருந்தகத்தில் நின்றுவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைக் கூடக் கழுவாமல் மைதானத்துக்கு ஓடுவீர். சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு அவசரமா என்று நான் கேட்பேன். மன்னாரில் பெடியளோடு கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்தவளிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

உம்முடைய முதல் பயிற்சிக்கு நானும் வந்திருந்தேன். நீர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவில் நின்றீர். பிள்ளைகள் பந்தில்லாமல் ஓடினார்கள். பந்து யாரிடம் இருக்கிறது என்று நீர் சொல்லச் சொல்ல, இல்லாத பந்துக்காக இடம் பிரிந்து, இடம் மாறி ஓடினார்கள். இரண்டு தரம் கை தட்டுவீர். முதல் தட்டுக்குப் பந்துக்காரியிடம் வரவேண்டும், இரண்டாவதற்கு அவளை விட்டு விலகி வெளியே பாயவேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே குடையோடு நின்ற நந்தன் அண்ணையால் பொறுக்க முடியவில்லை. அவருடைய மகள் ஆரணியும் அந்த ஓட்டத்தில் இருந்தாள்.

"தங்கச்சி, கல்லூரியிலை பந்து வாங்கக் காசில்லையோ? நான் வேணுமெண்டால் வாங்கித் தாறன்."

"பந்து இருக்கண்ணை. ஓடத்தான் ஆள் காணாது. குடையை வைச்சிட்டு வாறியளோ?"

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அந்த வருடம் ஆரணி கோல் மேல் கோல் அடித்தபோது மட்டும், "பந்தில்லாமல் பழக்கினவளல்லோ" என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

பிறகு தமிழ் வந்தது. எதிரணிக்கு விளங்கக் கூடாது என்று, கிட்ட வர "இஞ்சாலை", விலகிப் பாய "அங்காலை", பந்தைத் தொடாமல் விட "விடு" என்று மூன்று சொற்களைப் பழக்கினீர். சமோவாப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் வெள்ளைக்காரப் பிள்ளையும் மைதானத்தில் "அங்காலை!" என்று கத்தினார்கள். நந்தன் அண்ணை தலையில் கை வைத்தார். "வீட்டிலை தமிழிலை தண்ணி கூடக் கேக்காதவள், கோல் அடிக்க மட்டும் தமிழ் கதைக்கிறாள், தம்பி." அந்தச் சொல்லை எல்லோரையும் விடச் சுத்தமாகச் சொன்னது ஒனிஹங்காவிலிருந்து ரயில் ஏறி வரும் ஜெஸ்தான். ஆரணியை விடச் சுத்தம் என்று நீரே சொல்லப்போய், ஆரணி ஒரு கிழமை உம்மோடு கோபத்தில் இருந்தாள்.

நான் செய்தது கமெரா வேலை. உயரக் கம்பத்தில் கமெராவைப் பூட்டி, பந்தைப் பின்தொடர்ந்து தானே திரும்பும்படி மென்பொருள் எழுதினேன். யார் எத்தனை தரம் பந்தைத் தொட்டார்கள், எத்தனை பாஸ் சரியாகப் போனது என்று ஆட்டம் முடிந்த கையோடு ரிப்போர்ட் கொடுக்கும். எனக்கு அதில் பெருமை. எங்கள் கிளென் ஈடன் வீட்டுக் குசினி மேசையில், இடியப்பத்தைப் பிய்த்தபடி நீர் அதைப் பார்ப்பீர்.

"ஜெஸ் எங்கை?"

"பந்து அவவிட்டை இல்லை. அதுதான் படத்திலை இல்லை."

"அவள் அங்காலை ஓடினபடியால்தான் இந்தப் பிள்ளைக்கு இடம் கிடைச்சது. ஓடினவளைக் காணேல்லை, உதைச்சவளுக்குத்தான் மார்க்ஸ். என்ன இஞ்சினியர் நீர்?"

"மென்பொருளுக்குப் பந்து மட்டும்தான் தெரியும்."

"அப்ப என்னையும் தெரியாது. நான் பந்தை உதைக்கிறேல்லை."

அதைப் பகிடியாகத்தான் சொன்னீர். நீர் போன பிறகு எல்லா ஆட்டங்களின் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கமெரா உம்மை நோக்கி ஒரு தரம் கூடத் திரும்பவில்லை. பந்து கோட்டுக்கு வெளியே போன ஓர் இடத்தில் உம்முடைய சப்பாத்தும் முழங்காலும் தெரிகின்றன, அவ்வளவுதான். ஆனால் சத்தம் எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டு கைதட்டு. "அங்காலை!"

நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜெஸ் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறது. அப்போது அவள் கல்லூரி முடித்து, பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டு, பேக்கரி ஒன்றில் பகுதிநேரம் வேலை செய்துகொண்டிருந்தாள். உம்மால் சாப்பிட முடியாது என்று தெரியாமல் பெட்டி நிறைய பன் கொண்டு வந்தாள். அதை மடியில் வைத்து மணந்து பார்த்தீர். அவள் போனதும் என்னிடம் திரும்பி, "எனக்குப் பிறகு முன்வரிசையை அவள் பாக்கட்டும். ட்ரேசியிட்டைச் சொல்லும்" என்றீர்.

"விசர்க்கதை கதையாதையும். அடுத்த சீசனுக்கு நீரே போவீர்."

"போனால் போறன். நீர் சொல்லி வையும்."

நான் சொல்லவில்லை. சொன்னால் நீர் என்னை விட்டுப் போவதற்கு நானும் சம்மதித்தது போலாகிவிடும் என்று அப்போது பட்டது. நீர் போன பிறகும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

போன கிழமைதான் தெரிவு நடந்தது. முன்வரிசைக்கு ஒரு கோச்சும் ஒரு துணைக் கோச்சும் எடுக்கக் கல்லூரி அனுமதித்திருந்தது. தலைமை இடத்துக்குக் கடைசியில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிரேக், கழக அணிகளோடு வேலை செய்து களைத்த நல்ல மனிதர். மற்றது ஜெஸ். இருவரும் பிள்ளைகளை வைத்து ஒவ்வொரு பயிற்சி செய்து காட்ட வேண்டும். நான் பதிவு செய்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

கிரேக் பந்துகளை வரிசையாக வைத்துக் கோலுக்கு அடிக்கப் பழக்கினார். குறையில்லை. பிறகு ஜெஸ் வந்தாள். பந்துகள் எல்லாவற்றையும் வலைக்குள் போட்டுக் கட்டினாள். ஒன்றை மட்டும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள். இரண்டு தரம் கை தட்டினாள். "அங்காலை!"

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். நீர் போனதிலிருந்து மந்தமாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள். ஆரணி சிரித்துக்கொண்டு ஓடினாள். நான் கமெராவை நிறுத்தினேன். கம்பத்தை இறக்கி, அதன் கால்களை மடித்து, பையில் போட்டேன். கை செய்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் கைதட்டைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

ட்ரேசிக்கு ரிப்போர்ட் கொடுத்தேன். கிரேக்கின் பக்கம் நிறைந்திருந்தது. ஜெஸ்ஸின் பக்கத்தில் எல்லாம் பூச்சியம். பந்து ஓடாத பயிற்சிக்கு அந்த மென்பொருள் பூச்சியம்தான் போடும். அதை எழுதியவன் நான், அது எனக்குத் தெரியும். ட்ரேசிக்குத் தெரியாது. கடதாசியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இதில் ஒன்றுமே இல்லையே?"

"இல்லை" என்றேன்.

"உங்கள் மனைவி இருந்திருந்தால் யாரை எடுக்கச் சொல்லியிருப்பாள்?"

கேள்வியை அவள் அவ்வளவு நேராகக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. "கிரேக்கை" என்றேன். உம்முடைய வாயால் சொன்னேன்.

இன்று அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு டிக்கியை மூடவும் தோன்றாமல் நிற்கும்போது நந்தன் அண்ணை ஃபோன் பண்ணினார்.

"தம்பி, என்ன நடந்தது? கல்லூரியாலை வந்த ஆரணி அறைக்கதவைச் சாத்திப்போட்டு அழுறாள். ஜெஸ்ஸை ஏனாம் எடுக்கேல்லை?"

டிக்கியை மெல்ல மூடினேன்.

"நீர் உள்ளுக்கை இருந்தும் இப்பிடி நடந்ததோ?" என்றவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "சரி சரி, அதை விடும். நீர் இருக்கிற நிலையிலை உம்மட்டைக் கேக்கிறன் பார். சாப்பிட்டீரோ? கறி கிடக்கு, கொண்டு வரட்டே?"

அந்தக் கறிதான் என்னை உலுக்கியது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீர் போனதிலிருந்து நான் செய்வது எதற்கும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பாவம் என்கிறார்கள், சாப்பாடு தருகிறார்கள். அந்த மறைவில் நின்றுகொண்டு ஒரு பிள்ளையின் இடத்தைப் பறித்திருக்கிறேன்.

காருக்குள் இருந்து ட்ரேசிக்கு ஃபோன் பண்ணினேன். ரிப்போர்ட்டைப் பற்றியும், நீர் ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பற்றியும் சொன்னேன்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"அவள் கை தட்டினதைக் கேட்க முடியவில்லை."

பிறகு சொன்னாள், "கிரேக்குக்குக் கொடுத்த சொல்லை நான் மாற்ற மாட்டேன். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. துணைக் கோச் இடம் இன்னும் இருக்கிறது, கேட்டால் கிரேக் மறுக்க மாட்டார். ஆனால் ஏன் முதலில் இல்லை என்றோம் என்பதை ஜெஸ்ஸிடம் நீங்கள் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்."

ஜெஸ்ஸுக்கு ஃபோன் பண்ணியபோது அவள் பேக்கரியில் கடை மூடிக்கொண்டிருந்தாள். தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. நான் முழுவதையும் சொன்னேன், உம்முடைய சொல்லையும். தட்டுச் சத்தம் நின்றது.

"நீங்கள் கமெராவை இறக்கினதைப் பார்த்தேன். பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்" என்றாள். பிறகு, "கோச் ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னதை எனக்கு அப்போதே சொல்லியிருக்கலாம்."

"ஓம்" என்ற ஒப்புதல் தமிழில்தான் வந்தது.

"உங்களுக்குக் கவலை என்று தெரியும். எங்களுக்கும் கவலைதான். இருந்தும் நாங்கள் ஓடினோம்தானே?"

அவள் துணைக் கோச் இடத்தைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னாள். முடிவை ட்ரேசிக்குச் சொல்வாளாம். எனக்கு அல்ல. அது சரி.

வீட்டுக்கு வந்து சட்டைகளை மெஷினுக்குள் போடுமுன் கொஞ்ச நேரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழுவினால் அந்த மணம் போய்விடும். வியாழக்கிழமை பிள்ளைகள் அணிய வேண்டும். போட்டேன். இப்போது அவை பின்வளவுக் கொடியில் வரிசையாகத் தொங்குகின்றன, பந்து யாரிடமும் இல்லாத ஒரு முன்வரிசை போல.

மென்பொருளில் பந்தைத் தேடும் பகுதியை நிறுத்திவிட்டேன். இனிமேல் கமெரா திரும்பாது. அகலமாக, மைதானம் முழுவதையும் பார்த்தபடி நிற்கும். யார் அங்காலை ஓடினாலும் தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று யார் கை தட்டினாலும் தெரியும். ஜெஸ் வருவாளோ தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் நான் கம்பத்தடியில் நிற்பேன். அந்த இரண்டு தட்டும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. முதலாவதற்கு நான் எப்போதும் உம்மிடம் வந்துவிடுகிறேன். இரண்டாவதற்கு விலகிப் போக இன்னும் பழகவில்லை.

நந்தன் அண்ணை கறிச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு, சாப்பிட்டீரோ என்று ஃபோனில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஜெஸ்ஸின் பெயர் வருகிறதா என்று நானும் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லமாட்டேன் என்றவளிடம் முடிவை எதிர்பார்த்துக்கொண்டிருப்பது, அவளை இன்னொரு தரம் நெருக்குவது போல இருந்தது. ஃபோனை நிறுத்தி வைத்துவிட்டேன்.