மேனேஜருக்குப் போட்ட அரைக் கரண்டி

பிப்ரவரி 22

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நோட்டு தொங்குகிறது. அம்மா என்ன சாப்பிட்டாள், தம்பி எவ்வளவு குடித்தான், எத்தனை தடவை வெளிக்குப் போனான், என்ன நிறம் என்று எல்லாம் அதில் எழுத வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடித்தபடியே படித்துவிட்டுப் போகலாம்.

தம்பிக்கு ஐந்து மாதம். நான் அவனை மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறேன். ஒரு வேலையும் செய்ய மாட்டான், கத்துவான், எல்லோரும் ஓடுவோம். போன வாரம் அவன் மலத்தில் ரத்தக் கோடு. கன்னமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. மாட்டுப்பால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இருக்க'லாம்'. நான்கு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியுமாம். தாய்ப்பால் வழியாகவும் போகும் என்பதால் அம்மாவுக்கும் கூடாது. அம்மா வேலைக்குப் போகிற நேரத்துக்கு ஒரு விசேஷப் பால்மாவு வாங்கியிருக்கிறார்கள். அதில் பாலின் புரதத்தைச் சிறுசிறு துண்டாக உடைத்து வைத்திருக்கிறார்களாம். மோந்து பார்த்தேன். கூடவே ஒரு பழைய சாக்ஸையும் உடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 26

மாடியில் இருக்கிற அத்தைதான் பகலில் மேனேஜரைப் பார்த்துக்கொள்கிறாள். "எங்க காலத்துல ஏது இதெல்லாம்? மூணு பிள்ளைங்களையும் பால்லயேதான் வளர்த்தேன்" என்றாள். வளர்த்தாள்தான். அதில் நடு அண்ணன் முப்பது வயதிலும் முழங்கையைச் சொறிந்துகொண்டே திரிகிறான்.

மார்ச் 7

தடிப்பு போய்விட்டது. ரத்தம் வந்து ஏழு நாளாகிறது. மேனேஜர் சிரிக்கக்கூடத் தொடங்கிவிட்டார்.

ஆனால் அந்த சாக்ஸ் பாலைத் துப்புகிறார். பள்ளி விட்டு வந்ததிலிருந்து அம்மா வரும்வரை இரண்டு வேளை நான்தான் கொடுக்க வேண்டும். நூற்றிருபது மில்லி கலக்கினால் முப்பது உள்ளே போகிறது. மிச்சம் என் யூனிஃபார்ம் குடிக்கிறது. அம்மா வந்ததும் நோட்டைப் பார்த்துவிட்டு, கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எடை ஏறலைன்னா என்னடி பண்றது?" என்று என்னைக் கேட்டாள். என்னை. புதன்கிழமை அறிவியல் பரீட்சை எழுதப்போகிற பெரிய நிபுணரை.

மார்ச் 10

வழி கண்டுபிடித்துவிட்டேன். அலமாரியின் பின்னால், முன்பு அவன் குடித்த சாதாரணப் பால்மாவின் பழைய டப்பா இருந்தது. புதியதில் நான்கு கரண்டி, அதன்மேல் பழையது அரைக் கரண்டி, வாசனைக்கு. முழு பாட்டிலையும் காலி செய்தான். இரண்டு வேளையும்.

"நீ குடுத்தாதான் குடிக்கிறான்" என்று அம்மா என் தலையில் முத்தம் வைத்தாள். அரைக் கரண்டியில் என்ன ஆகிவிடப்போகிறது?

மார்ச் 12

பரீட்சையில் வந்த கேள்வி: நம்பகமான சோதனை ஒன்றுக்கு இரண்டு விதிகள் கூறுக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். செய்ததை மறைக்காமல் குறிக்க வேண்டும். அழகான கையெழுத்தில் எழுதினேன். வீட்டுக்கு வந்து அரைக் கரண்டி போட்டேன்.

மார்ச் 14

சாயங்காலப் பால் கொடுத்து முடித்த பிறகுதான் பார்த்தேன். காதுக்குப் பின்னால் சிவப்பு. கொசுவாக இருக்கும்.

மார்ச் 15

கொசு இல்லை. ரத்தம்.

அத்தை விசாரணை நடத்தினாள், அம்மாவை. "ஆபீஸ்ல எதையாவது வாயில போட்டிருப்பே, நல்லா யோசிச்சுப் பாரு." அம்மாவும் யோசித்தாள். வீட்டிலிருந்த பிஸ்கட், ரொட்டி எல்லாவற்றின் உறையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தாள். பிறகு நோட்டில் எழுதினாள்: "ஆபீஸில் பிறந்தநாள். கேக் சாப்பிடவில்லை. வெட்டிய கத்தியைக் கழுவினேன்."

கத்தியைக் கழுவினாளாம்.

பழைய டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். கொலைகாரி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு.

மார்ச் 17

டாக்டரம்மாவிடம் அம்மா ஃபோனில் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டேன். பாலை நிறுத்தியும் ரத்தம் வருகிறது என்றால் காரணம் வேறாக இருக்கலாமாம். முட்டை, சோயா, மீன், கோதுமை எல்லாவற்றையும் அம்மா நிறுத்த வேண்டுமாம். அதற்கும் நிற்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

அம்மா இரவில் வெறும் சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

குழாய். அவன் மொத்தமே என் கை நீளம்தான் இருக்கான். சொன்னா என்னைக் கொன்னுடுவாங்க. சொல்லலேன்னா — ஐயோ, எனக்கு யோசிக்கவே பயமா இருக்கு. நானா பண்ணேன்? நான்தான் பண்ணேன்.

மார்ச் 19

குளியலறையில் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். வாயால் சொல்ல மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் "தண்ணி வேணுமாம்மா?" என்றுதான் வந்தது. அம்மா இன்று நிறையத் தண்ணீர் குடித்தாள்.

எல்லோரும் தூங்கியதும் ஃப்ரிட்ஜ் நோட்டை எடுத்தேன். பத்தாம் தேதியிலிருந்து பதினான்கு வரை, ஒவ்வொரு நாளும், இரண்டிரண்டு வேளை: "பழைய மாவு, அரைக் கரண்டி. நான்." பத்து வரி. பரீட்சையில்கூட இவ்வளவு சரியாக எழுதியதில்லை.

மார்ச் 20

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், நோட்டோடு.

டாக்டரம்மா படித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, "இது யாரு கையெழுத்து?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். என் வரிகளுக்குக் கீழே கோணல்மாணலாக: "11, 13. என் டீயில விரலை நனைச்சு உதட்டுல வெச்சேன். அத்தை." காலையில் படித்துவிட்டு எழுதியிருக்கிறாள். நேற்றுவரை நீதிபதி.

குழாய் வேண்டாம். முட்டை, மீன் எல்லாம் அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கும். நிறுத்தினால் சரியாகிறது, கொடுத்தால் வருகிறது. அனேகமாகப் பால்தான் என்றார். உறுதிப்படுத்த, பிறகு அவரே தன் கண்முன் கொடுத்துப் பார்ப்பாராம். "நீயா செஞ்சது ஆபத்து. சில குழந்தைங்களுக்கு மூச்சே அடைச்சுக்கும்" என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன். தலை ஆடிக்கொண்டேயிருந்தது.

அம்மா பிழிந்து வைக்கிற பாலில் புது மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கலாமாம். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். யார் கேட்டது?

நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

ஏப்ரல் 7

மேனேஜர் முந்நூற்றைம்பது கிராம் ஏறியிருக்கிறார். சாக்ஸ் பாலை முகம் சுளித்தபடி, ஆனால் முழுசாகக் குடிக்கிறார்.

இத்தனை நாளும் அம்மாவே மாவை அளந்து, சின்னச் சின்ன டப்பாக்களில் மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பெரிய டப்பா பீரோ மேலே, எனக்கு எட்டாத உயரத்தில்.

இன்று பள்ளி விட்டு வந்து பார்த்தேன். சின்ன டப்பாக்கள் இல்லை. பெரிய டப்பா சமையல் மேடையில், கரண்டி உள்ளேயே. நோட்டில் அம்மாவின் கையெழுத்து: "4 மணி, நாலு கரண்டி. அக்கா அளப்பாள்."

கத்தியின் முதுகால் வழித்து வழித்து அளந்தேன். மேனேஜர் கத்தினார். கத்தட்டும் என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.