சுவிகாரம் பற்றி வகுப்பெடுத்தவன்

மார்ச் 1, ஞாயிறு
சபையில் பெரியவர்களுக்கான வேத வகுப்பு. உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் நம்மை முன்குறித்தார், நம்மிடம் ஒரு நன்மையும் காணாமலே பிள்ளைகளாகச் சுவிகரித்துக்கொண்டார் என்று ஒன்றேகால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன். "போதகரே தோத்தாரு போங்க" என்றார் வகுப்புக்கு வரும் தையல்காரர். தாழ்மையாகத் தலையை ஆட்டினேன். தாழ்மை எனக்கு நன்றாகவே வருகிறது.

மார்ச் 3, செவ்வாய்
பிள்ளைக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்த பிறகு தத்தெடுப்பு விண்ணப்பம். 'விருப்பங்கள்' பகுதியை நான் நிரப்பினேன். இரண்டு வயதுக்குள். நோய்நொடி இல்லாமல். சாந்த சுபாவம். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஒரு நன்மையும் பாக்காமன்னு முந்தாநாள் சொன்னது யாருங்க?"

"அது தேவன்மா. நான் பல்செட் செய்யுறவன்."

பேனாவைப் பிடுங்கி எல்லாவற்றையும் அடித்தாள். அடித்த படிவம் செல்லாதாம். புதிதாக ஒன்று வாங்கி அவளே நிரப்பினாள்.

ஜூலை 11, சனி
பெண் பிள்ளை, ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் இல்லை. தொழில்புத்தி உடனே அளவெடுத்தது. குழந்தைகள் இல்லத்தில் அவளுக்கு 'வக்கீல்' என்று பட்டப்பெயர். காரணம் ஐந்தே நிமிடத்தில் விளங்கியது.

"உன்னைப் பாக்கிறதுக்கு முன்னாடியே நீதான் வேணும்னு முடிவு பண்ணிட்டோம்" என்றேன், வகுப்பு நினைப்பில்.

"அப்போ பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவள வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? அவ என்ன தப்பு பண்ணா?"

இதே கேள்வியைத் தையல்காரர் கேட்டபோது களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமா என்ற வசனத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தவன் நான். இவளிடம் "தெரியலம்மா" என்றேன்.

பிள்ளையும் சம்மதிக்க வேண்டுமாம். ஒரு வாரம் கழித்துக் கேட்பார்களாம். இவள் வேண்டாம் என்றுவிட்டால்?

ஜூலை 18, சனி
சம்மதம். ஒரு நிபந்தனை: மாதம் இருமுறை அந்தப் பக்கத்துக் கட்டில் தோழியைப் பார்க்க அழைத்துப்போக வேண்டும். நிபந்தனையற்ற கிருபையைப் போதித்தவனுக்கு நிபந்தனையோடு கிருபை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு
வீட்டுக்கு வந்து ஒரு வாரம். சாப்பிட்ட தட்டோடு எங்கள் தட்டுகளையும் கழுவுகிறாள். சபையில் பெருமையடித்தேன். "அவ பயந்துபோய்க் கிடக்கா, உங்களுக்குப் பெருமை கேக்குதா?" என்றாள் மனைவி.

ஆகஸ்ட் 20, வியாழன்
மெருகேற்ற வீட்டுக்குக் கொண்டுவந்த பல்செட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். இன்றே கொடுக்கவேண்டியது — கத்திவிட்டேன். உள்ளே போனவள் பையை அடுக்கிக்கொண்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"எப்போ கொண்டுபோய் விடுவீங்க?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ எங்கேயும் போகவேண்டாம் என்றேன்.

"இன்னொண்ண ஒடச்சா?"

"அப்பவும் இங்கதான்."

"பெரிசா ஏதாச்சும் ஒடச்சா?"

"கத்துவேன். ஆனா இங்கதான்."

பத்து நிமிடம் யோசித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.

நான் மட்டும் என்னவாம்? தினமும் ஜெபத்தில் என் தப்புகளை வரிசையாக ஒப்பித்துவிட்டு, இன்றோடு துரத்திவிடுவாரோ என்று வாசலில்தானே நிற்கிறேன்? சுவிகாரம் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசத் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 6, ஞாயிறு
வகுப்பில் தையல்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். தெரியவில்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அக்டோபர் 14, புதன்
தலை வாரமாட்டேன் என்று காலையிலேயே ரகளை. "நீங்க ரெண்டு பேருமே மோசம்" என்று கத்திவிட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், பயந்து தட்டுக் கழுவியவளா இவள் என்று இருவருக்கும் சிரிப்பு. கால்மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "அப்பா, பசிக்குது."

இன்று சாயங்கால ஜெபத்தில் தப்பு எதையும் ஒப்பிக்கவில்லை. "பிதாவே" என்று ஆரம்பித்தவன் அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன்.