சொர்க்கத்தில் பெட் டீ கிடையாது

ஆகஸ்ட் 6, புதன்

சதீஸ் அண்ணன் கொழும்பிலிருந்து பேசினான். அவன் வேலை செய்கிற போன் கடையில் சீட்டுக் குலுக்கியதில் அவன் பெயர் விழுந்ததாம். பெரகலைக்கு மேலே ஒரு பழைய துரை பங்களா ஹோட்டலில் மூன்று பேர் இரண்டு நாள் சும்மா தங்கலாம். அப்பா மாட்டை விட்டுவிட்டு வரமாட்டார். ஆக அம்மா, அண்ணன், நான்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்க பெட் டீ குடுப்பாங்களாடா?"

பதினாலு வயதில் இந்த மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் துரை வீட்டு வேலைக்கு நின்றவள். காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணித் தட்டோடு போய்த் துரையின் கதவைத் தட்ட வேண்டும். ஒருநாளாவது தன் கதவை யாராவது அப்படித் தட்டவேண்டும் என்று முப்பது வருட ஆசை.

"வெளம்பரத்துல படமே போட்டிருக்காங்கம்மா" என்றான் அண்ணன்.

ஆகஸ்ட் 9, சனி

வாசலில் பலகை: 'சொர்க்கத் தீவில் உங்கள் பங்களா'. சொர்க்கத்துக்குப் போன எவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அந்தத் தைரியம்தான்.

சுடுதண்ணிக் குழாயைத் திறந்தேன். தண்ணி வந்தது, சூடு வரவில்லை. எனக்குத்தான் சூடு வந்தது. மெத்தை நடுவில் பள்ளம். அம்மாவும் நானும் உருண்டு போய் முட்டிக்கொள்கிறோம். குடும்ப ஒற்றுமைக்கு நல்லது. சுவரில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்ணின் படம், முதுகில் மாட்டவேண்டிய கூடையை வயிற்றில் மாட்டியிருக்கிறாள்.

"இவள எந்தக் கங்காணிடி வேலைக்கு சேத்தான்?" என்றாள் அம்மா.

மெனேஜரிடம் போய்ச் சொன்னேன். "பாக்கலாம் மிஸ்" என்றார். பார்த்தார், தன் போனை. எங்கள் அறையில் தொங்கிய 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைக் கழற்றி அவர் ஆபீஸ் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். பொருத்தமாக இருந்தது.

காலை ஆறுக்கு பெட் டீ மட்டும் நிச்சயமாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதவே பிடிக்கல. அவ்வளவு ஆத்திரம்.

அம்மா நாலரைக்கே எழும்பிப் பச்சைத் தண்ணியில் குளித்து, நல்ல சேலை கட்டி, படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். படுத்துக்கொண்டுதானே குடிக்கவேணும் என்றேன்.

"கொண்டு வாரவுங்க என்னடி நெனப்பாங்க?"

ஆறு. ஆறேகால். ஆறரை. "என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்று போனவள் வரவில்லை.

தேடிப் போனால் — வராந்தாவில் தட்டோடு நிற்கிறாள்! வெள்ளைக்காரர் அறைக் கதவைத் தட்டுகிறாள். ஒரு வெள்ளைக்காரி வந்து கும்பிட்டு, கோப்பையை வாங்கி, அம்மாவைப் போட்டோ வேறு எடுத்தாள். அம்மாவும் சிரிக்கிறாள்!

"நாம விருந்தாளிம்மா! தட்டு தூக்கவா வந்தோம்?"

"மெதுவாப் பேசுடி. பௌர்ணமிப் போயா லீவுக்கு வீட்டுக்குப் போன வேலையாளுக யாரும் திரும்பி வரலயாம். சமையக்கார பொன்னையாண்ணே ஒத்த ஆளா கெடந்து அல்லாடுறாரு."

எல்லோருக்கும் கொடுத்து முடித்து, தன்னுடையதைக் குசினி அடுப்படியில் நின்றபடியே குடித்தாள். ச்சீ. இதுக்கா வந்தோம்?

ஆகஸ்ட் 11, திங்கள்

கிளம்பும்போது கருத்துப் புத்தகத்தை நீட்டினார்கள். எழுதினேன்: "ஒரு நட்சத்திரம். அதுவும் தேத்தண்ணிக்கு. அதைப் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தது எங்கள் அம்மா."

பஸ்ஸில் அண்ணன் முறைத்தான். "ஏன் மதுஷா இவ்ளோ கேவலமா எழுதின?"

"நம்ம அம்மாவுக்கு ஒரு கோப்ப தேத்தண்ணி கொண்டு வந்து குடுக்க ஒருத்தனுக்கும் துப்பில்ல."

"நீ எப்ப குடுத்த?"

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இன்று காலையும் அம்மாதான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மாவின் போனில் அலாரத்தை நேற்றே நிறுத்தி வைத்திருந்தேன். என் வாழ்நாளில் செய்த திருட்டு வேலைகளில் இதுதான் சுலபம்.

எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் தட்டுவதற்கு உள்கதவு கிடையாது, சேலைத் திரைதான். ஆறு மணிக்குத் தகரப் பெட்டியைத் தட்டினேன்.

"யாரு?"

"ரூம் சேர்விஸ்ங்க."

"கழுத, மணி என்னடி? விடிஞ்சிருச்சா?"

"எழும்பக் கூடாதுங்க. ஹோட்டல் சட்டம்."

தலையணையில் சாய்ந்தபடி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சாயம் பத்தல. சீனிய அள்ளிக் கொட்டியிருக்க."

"எத்தன நட்சத்திரம்?"

"ஒண்ணு."

கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வெறும் கோப்பையை என்னிடம் நீட்டினாள். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொன்னு கொண்டா."