உன் பெயரில் வாங்கிய சீட்டு

அந்த நீலப் பட்டையில் இன்னும் உன் ஆட்டோவின் வாசனை அடிக்கிறது. கிரீஸ், விபூதி, கொஞ்சம் வேர்வை. ஒரு காலத்தில் என் ஆபீஸ் ஐடி கார்டு தொங்கிய டேக் அது. பிறகு உன் வண்டிச் சாவி தொங்கியது. ஆட்டோவை விற்றபோது சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, இதை எனக்காக எடுத்து வைத்திருந்தார் உன் மனைவி. நேற்று மாலை என் கையில் கொடுத்தார்.

“இது உங்களுதுண்ணா,” என்றவர் என் முகத்தையே பார்த்தார். “மாத்திரைய விட்டுட்டீங்களா?”

பொய் சொல்ல வாயெடுத்தவன், தலையாட்டி ஒப்புக்கொண்டேன். நீ மாரடைப்பில் இறந்த வாரமே நிறுத்திவிட்டிருந்தேன்.

இந்த டேக் உன் கைக்கு வந்த கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்! தி. நகரில் என் கம்பெனி ஆட்குறைப்பு என்று எங்களை அனுப்பி மூன்று மாதமாகியும் வீட்டில் நான் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி லஸ் பக்கத்துப் பூங்காவில் போய் உட்கார்வேன். கார்டைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டுவிட்டது. பட்டையை மட்டும் கழுத்தில் மாட்டி, நுனியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, கார்டு உள்ளே இருப்பதுபோல நடமாடினேன். ஒருநாள் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுதானே நாம்.

“இன்னா மச்சி, ஒரு வாரமா பாக்குறேன். மரத்துக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கிறியா? பார்க்குக்கு எவனாவது டேக் மாட்டிக்கினு வருவானா?”

சொல்லிக்கொண்டே அதை உருவினாய். வெறும் பட்டை வந்தது. நீ சிரித்தாய்; நான் அழுதுவிட்டேன். தூக்கமில்லை, எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது, காலையில் கண் திறக்கவே பயமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னேன்.

“வேலை வர்றப்போ வரட்டும். அது வர்றப்போ நீ இருக்கணும்ல? நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்,” என்றாய்.

மறுநாள் ஓ.பி. கவுண்டரில் பெயர் கேட்டார்கள். மனநலப் பிரிவில் பெயர் ஏறிவிட்டால் பிறகு எவனும் வேலை தரமாட்டான் என்று யாரோ சொன்னது ஞாபகம் வர, என் வாய் தானாக உன் பெயரைச் சொன்னது. போன் நம்பரும் உன்னுடையதுதான். கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உங்களுக்குத்தான் ஏற்கெனவே நோட்டு இருக்கே? ரெண்டு வருஷமா வர்றீங்க. எதுக்குப் புது சீட்டு?”

திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ ஸ்டாண்டையே சிரிக்க வைக்கும் நீ, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

“ஏன்டா என்கிட்ட சொல்லல?”

“நீ மட்டும் சொன்னியா?”

காரணம் என்னவென்று கேட்டேன். “காரணம் இல்லாமயே வந்துச்சு மச்சி. வண்டி கீது, பொண்டாட்டி கீது, சவாரி கீது. சந்தோசம் மட்டும் காணோம்,” என்றாய். பிறகு கவுண்டருக்குள் குனிந்து, “பேரு என்னுது, நோவு இவனுது. சீட்டை மாத்திக் குடும்மா,” என்றாய். அந்த அம்மாவே சிரித்துவிட்டார். மாத்திரையோடு திரும்பியதும், என் மனைவியிடம் நான் உண்மையைச் சொல்லும்வரை நகரமாட்டேன் என்று என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்தாய். தெருவே எட்டிப் பார்த்தது. அன்றைக்கு உன்னைக் கொல்லலாம்போல இருந்தது எனக்கு.

அதன்பின் தினமும் உன்னிடமிருந்து ஒரே கேள்விதான். “இன்னிக்கு எதுனா ருசிச்சுதா?” இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம், உன் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில், “வடையில உப்பே இல்ல,” என்று முணுமுணுத்தேன். நீ எழுந்து நின்று கத்தினாய். “மாஸ்டர், உப்பு இல்லன்னு இவனுக்குத் தெரிஞ்சுடுச்சு! இன்னொரு வடை குடு!” மாஸ்டர் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. சந்தோஷம் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த உப்பில்லாத வடைதான் நினைவுக்கு வருகிறது.

நீ இல்லாமல் அந்த ஆஸ்பத்திரி வரிசையில் நான் எதற்கு நிற்க வேண்டும் என்று வீம்பு பிடித்துக் கிடந்தேன். சொல்லாமல் போய்விட்டாயே என்று உன்மேல் அவ்வளவு ஆத்திரம். ஆனால் உன் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அந்த வீம்பு செல்லுபடியாகவில்லை.

இன்று காலை தனியாகப் போனேன். அதே கவுண்டர். என் பெயரை, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். கேட்காமல் மாத்திரையை நிறுத்தியதற்கு டாக்டரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். பழையபடி தேறச் சில வாரமாகும் என்றார். ஆகட்டும். வேலை இன்னும் கிடைக்கவில்லை, வியாழக்கிழமை கே.கே. நகரில் ஓர் இன்டர்வியூ இருக்கிறது. ஆஸ்பத்திரி நோட்டை உன் டேக்கில் கோத்து, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டப்போகிறேன். வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

திரும்பும் வழியில் நம் டீக்கடையில் ஒரு வடை வாங்கினேன். நான் மென்று முடிக்கும்வரை மாஸ்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பு சரியா கீதா சார்?”

“தெரியல மாஸ்டர்,” என்றேன். “நாளைக்கும் வர்றேன்.”