சாவிக்கொத்து வீட்டுக் கொய்யா

ஜூன் 9, ஞாயிறு

இன்று கொல்லைப்புறத்தை அளந்தோம். நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினாலு. என் கணவர் டேப்பின் ஒரு முனையை மதிலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார், நான் மறுமுனையோடு துணி துவைக்கிற கல் வரை வந்தேன். இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. நாற்பத்தொன்பது வயதில் முதல் முறையாகச் சொந்த மண். மண் என்று சொல்வதுகூட அதிகம்தான். கட்டினவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்ட்டும் பாதி, ஒற்றைச் செருப்பு ஒன்று வேறு.

மூன்று மரம் வைக்கலாம் என்கிறார் அவர். ஒன்றை ஒழுங்காக வைத்தால் போதும் என்கிறேன் நான். பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் கருத்துச் சொல்கிற மனுஷர்.

ஜூன் 12, புதன்

நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம். ஒருவர் போன வாரம் வாங்கிய கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து, இதைப் போட்டால் தரை மேடாகத் தெரிகிறது என்றார். மூக்குப் பிடியைச் சரிசெய்து கொடுத்தேன். தரை இறங்கிவிட்டது.

திரும்பும் வழியில் நாற்றுப்பண்ணைக்குப் போனேன். எலுமிச்சை, மாதுளை, சப்போட்டா, கொய்யா. பண்ணைக்காரர் எதைக் கேட்டாலும் "ரெண்டே வருஷத்துல காய்க்கும்" என்றார். ஒரு கொய்யா இலையைக் கிள்ளி முகர்ந்தேன். அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டேன். எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகளுக்குக் கதவு எண் எனக்கு நினைவில்லை. பப்பாளி வீடு, எலுமிச்சை வீடு, மாதுளை வீடு, கொய்யா வீடு. எல்லாம் அம்மா வைத்தது. புது வீட்டுக்குப் போனதும் சாமானைக்கூட இறக்கவிட மாட்டாள். முதலில் பின்பக்கம் போய் ஒரு பழைய கரண்டியால் மண்ணைக் கிளறிப் பார்ப்பாள். அப்பாவுக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஒத்துப்போகாது. ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய், ஒரு வீட்டில் மாடிப்படி விளக்கு, ஒரு வீட்டில் அவர்கள் நாய். மரம் இடுப்பளவு வரும்போது எங்களுக்கு வண்டி வந்து நிற்கும்.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் காய் நறுக்கிக்கொண்டே அப்பாவிடம் கேட்டேன், கொய்யா வைக்கட்டுமா, மாதுளை வைக்கட்டுமா என்று. வெகுநேரம் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பவில்லை.

"உங்கம்மா வெச்ச ஒரு மரத்துலகூட ஒரு காய் அவ வாயில படலை பாப்பா. எல்லாம் என் வாயால."

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. இதை இதுவரை அவர் சொன்னதில்லை.

கொய்யா வீடுதான் அவரை அறுக்கிறது. அதைக் காலி செய்தபோது எனக்குப் பதினாலு வயது. அந்த வீட்டில்தான் அதிகம் இருந்தோம், நான்கு வருஷம். சொந்தக்காரர் முன்பக்கத்தில் இருந்தார். எப்போதும் இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும். அப்பா வைத்த பெயர் சாவிக்கொத்து. அப்பா சைக்கிளை எல்லோரும் போய்வருகிற நடையில் நிறுத்துவார். அதை வெளியில் நிறுத்துங்கள் என்று சாவிக்கொத்து சொன்னார். ஒருநாள் அவரே எடுத்து வெளியில் வைத்தார். அப்பா கத்தின கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மூன்றே நாளில் காலி செய்தோம். கொய்யா அந்த வருஷம்தான் முதல் முறையாகப் பிஞ்சு விட்டிருந்தது. சுண்டைக்காய் அளவு. அம்மா ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருந்தாள், பதினேழு. வண்டியில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதம் அப்பாவிடம் பேசவும் இல்லை.

மத்தியானம் கை கழுவும்போது அப்பா கேட்டார்: "அந்த மரம் இன்னும் இருக்குமா?"

ஜூன் 20, வியாழன்

மரம் இருக்கிறது!

என் கணவர் ஓட்டுகிற பேருந்து அந்தத் தெரு முனையில்தான் திரும்பும். ஓட்டுநர் இருக்கை உயரத்தில் இருந்து பார்த்தால் மதிலுக்கு உள்ளே தெரியுமாம். "மாமா, மரம் நல்லா இருக்கு. மதில்மேல சாஞ்சு உக்காந்திருக்கு, உங்களை மாதிரியே" என்று சொன்னார். அப்பா முறைத்தார். ஆனால் சாயங்காலம் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டார். நாளைக்கு எங்கும் போகவேண்டிய வேலை அவருக்கு இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

போனோம். இதை எப்படி எழுதுவது.

ஒரு கிளையில் வேர்விடப் பதியன் கட்டிக்கொள்ள அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். நான்தான் பேசுவேன், நீ வாயைத் திறக்காதே என்று எனக்கே உத்தரவு போட்டபடி வந்தார் அப்பா. வாசலில் போய் நின்றதும் அவர் வாயில் இருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சாவிக்கொத்து கைத்தடியோடு வந்தார். இடுப்பில் சாவி எதுவும் இல்லை. அப்பாவை அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "நீங்க... அவங்க பொண்ணா? அவங்க வரலையா?" என்றார்.

எவங்க என்று கேட்டேன்.

"உங்கம்மாதான். கடைசியா வந்து அஞ்சு வருஷம் இருக்கும். முடியலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அம்மா இறந்ததைச் சொன்னேன். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். எப்போது என்று கேட்டார். பிறகு தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் காலி செய்த வருஷமே, பழம் பழுக்கிற சமயத்தில் அம்மா போயிருக்கிறாள். மரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் கேட்டாளாம். அவர் மனைவி பழம் பறித்துக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட விட்டதில்லை. மனைவி இறந்த பிறகும் இவர் எடுத்து வைத்திருந்து கொடுத்திருக்கிறார். முப்பது வருஷம்.

அப்பா அப்போதுதான் பேசினார். என்ன பை கொண்டுவருவாள் என்று கேட்டார்.

"நீலக் கட்டம் போட்ட துணிப்பை."

அந்தப் பை எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கும். அதில் அம்மா கொய்யாப்பழம் கொண்டுவருவாள். எங்கே வாங்கினாய் என்றால் பேருந்து நிலையத்து வண்டிக்காரன் என்பாள். அப்பாவுக்குப் பல் கட்டிய பிறகு விதையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுக் கொடுப்பாள். அந்த வண்டிக்காரன் நாணயமானவன், அழுகலைத் தலையில் கட்ட மாட்டான் என்று அப்பா பாராட்டிக்கொண்டே தின்பார்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

சாவிக்கொத்துதான் பதில் சொன்னார். "உங்க வீட்டுதுன்னு தெரிஞ்சா அவர் சாப்பிட மாட்டார், அவருக்குக் கொய்யா ரொம்பப் பிடிக்கும்னு சொன்னாங்க."

அப்பா எழுந்து வெளியே நடந்துவிட்டார். பதியனும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

ஜூன் 24, திங்கள்

அப்பா சாப்பிடலை. கதவைச் சாத்திக்கிட்டு இருக்கார். அம்மாமேல எனக்கே கோபம் வருது. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? நானும் அந்தப் பழத்தைத் தின்னவதானே? எத்தனை தடவை "வண்டிக்காரன்கிட்ட எனக்கும் நாலு வாங்கிட்டு வா"ன்னு கேட்டிருக்கேன்—சிரிச்சுக்கிட்டே சரின்னு சொல்லிட்டுப் போவா. அந்தச் சிரிப்புக்கு இன்னைக்குத்தான் அர்த்தம் புரியுது.

ஜூன் 27, வியாழன்

இன்று அப்பா காப்பி கேட்டார். குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தவர் சொன்னார்: "முப்பது வருஷம் என்னை நல்லா ஏமாத்தியிருக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. நான் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவினேன்.

அம்மா அந்தப் பழத்தைச் சாப்பிட்டிருக்கிறாள். அதை நினைத்துக்கொண்டேதான் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். என்னிடம் சொல்ல மாட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

கணவருக்கு இன்று வேலை. பத்து மணி வண்டியில் கண்ணாடியில் பார்த்தால் நாலாவது வரிசையில் மாமா! வேட்டி சட்டை, தலைவாரி, மடியில் ஒரு பை. தெரு முனையில் நிறுத்தம் இல்லை. இவர் நிறுத்தியிருக்கிறார். பின்னால் ஒருவர் திட்டியிருக்கிறார். அப்பா அந்த ஆளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சண்டை போடாமல் இறங்கிப் போனாராம். "மாமாவுக்கு உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்" என்கிறார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார் அப்பா. விரல் நகத்தில் பாசியும் மண்ணும். சாவிக்கொத்தும் இவருமாகக் கிளையில் தோலைச் சீவி, ஈரப் பாசி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டிவிட்டார்களாம். அவர் கட்டினார், நான் கயிற்றைப் பிடித்தேன் என்றார். வேறென்ன பேசினீர்கள் என்று விடாமல் கேட்டேன்.

"சைக்கிளை நடையில வெச்சது தப்புதான்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"வெச்சா வெச்சுட்டுப் போங்கன்னு நானும் விட்டிருக்கலாம்னார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த நடை அகலம் கம்மிதான் பாப்பா. இப்பத்தான் சரியாப் பார்த்தேன்" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

அப்பா மூன்றாவது முறையாகப் போய்விட்டு வந்தார். பதியனில் ஈரம் பார்க்கவாம். ஈரம் பார்க்க இரண்டு மணி நேரம்.

நாங்கள் இருவரும் இங்கே குழி வெட்டினோம். இரண்டடி ஆழத்துக்குள் ஒன்பது செங்கல். மண் மாற்றி எருப் போட்டு ஆறவிட்டிருக்கிறோம். கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று மரம் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வேர் விட்டிருக்கிறது. பிளாஸ்டிக்குக்குள் வெள்ளை நூல் மாதிரி. கிளையை அறுத்துத் தொட்டியில் வைத்தாயிற்று. கடையில் எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் லென்ஸ் தேய்க்கிறவர், குழந்தை எத்தனை கிலோ என்று கேட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நட்டோம். சாவிக்கொத்தை அப்பா ஆட்டோவில் போய் அழைத்துவந்தார். இருவரும் பின்வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் முட்டுக்குச்சி என்று சத்தமாகச் சண்டை போட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொல்ல, கணவர் கடப்பாரையோடு நடுவில் நின்றார். கடைசியில் நான் நட்டேன்.

நீர் ஊற்றினேன். அம்மா கையால் வைத்த மரத்தின் கிளை. மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது.

நவம்பர் 5, செவ்வாய்

இரண்டு புதுத் துளிர்.

மார்ச் 2, ஞாயிறு

செடி என் தோளுக்கு வந்துவிட்டது. காலையில் துணி உலர்த்தப் போனபோது பார்த்தேன், ஐந்து மொட்டு. ஒன்று விரிந்து வெள்ளையாக நின்றது. கத்தி எல்லோரையும் கூப்பிட்டேன்.

அப்பா சாவிக்கொத்துக்குப் போன் போட்டார். முதல் வருஷம் காய்க்க விடக்கூடாது, செடி இளைத்துப்போகும், பூவைக் கிள்ளிவிடுங்கள் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு மனசே இல்லை. ஒரே ஒரு பிஞ்சாவது விடலாமே என்றேன். அப்பாவுக்கு எண்பத்தொன்று ஆகிறது. அதை எப்படிச் சொல்வது?

அப்பா செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஐந்தையும் தன் கையாலேயே கிள்ளினார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுத்த வருஷம் விடலாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குவளையை எடுக்கப் போனார்.