சிவப்பு ஓரக் கவந்தி

யெல்லாபுரம்,
ஜூலை 19.

அன்புள்ள லுவீசாவுக்கு,

ரோசின் அக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். மட்காவில் நீயும் குழந்தை நத்தாலியும் சுகமாக இருக்க அவரே துணை நிற்கட்டும். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல். மழை விடாமல் கொட்டியதில் நான் போர்த்தும் ஒட்டுத்துணிக் கவந்தி இரண்டும் நனைந்து கிடந்தன. உன் புருஷன் உன் பல்லை உடைத்த அன்று என்னிடம் விட்டுவிட்டு ஓடினாயே, உன் கவந்தி, அதை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்தேன். உன் கல்யாணப் புடவையைக் கிழித்துச் சிவப்பு ஓரம் வைத்துத் தைத்தது. துணியைப் பார்த்தே யாருடைய போர்வை என்று நம் ஊரில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். எனக்குத்தான் அது அப்போது தோன்றவில்லை.

மத்தியானம் உன் புருஷன், என் அருமைத் தம்பி பஸ்தியாவ் வந்திருக்கிறான். வாசலில் நின்றவன் கண்ணில் அந்தச் சிவப்பு பட்டது. நீதான் திரும்பி வந்து படுத்திருக்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டான். கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மூங்கில் வெட்டும் அரிவாளைக் கழுத்தைப் பார்த்து இறக்கினான். கவந்தியின் மூலை என் கழுத்தின்மேல் கிடந்தது. மூலைப்பூவுக்கு நீ துணியை மடித்து மடித்து வைத்துத் தைத்திருந்ததால் முதல் வெட்டு உள்ளே இறங்கவில்லை. இரண்டாவது வலது தோளைப் பிளந்தது. மூன்றாவதில் அந்தக் கையில் இரண்டு விரல் போய்விட்டது. நான் அலறிய பிறகுதான் குரல் தெரிந்து அரிவாளைக் கீழே போட்டான்.

லுங்கியைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டே அழுதான். "ஐயோ அக்கா, நீன்னு தெரியலக்கா. அவதான்னு நெனச்சுட்டேன்" என்றான். அதை எனக்குச் சமாதானமாகச் சொன்னான், லுவீசா. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். ஒரு நிமிஷம் எனக்கும் மனசு இளகியது. அதை நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஊர்ப் பெரியவர் கைத்தான் ஆஸ்பத்திரிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். "உன்னையவா வெட்ட வந்தான்? பய தெரியாம பண்ணிட்டான். மூங்கில் பொளக்கையில அருவா பட்டுருச்சுன்னு சொல்லிரு ரோசின்" என்றார். "அவளத்தான் வெட்ட வந்தான்னா அது பரவால்லையா பெருசு?" என்று கேட்டேன். "அது புருசன் பொண்டாட்டி விவகாரம்" என்றார். இடது கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை அவர் முகத்திலேயே விசிறினேன். போலீஸ்காரர் வந்தபோது பஸ்தியாவ் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்லி ரேகை வைத்தேன்.

அவன் உள்ளே இருக்கிறான். ஊரே ஜாமீனுக்கு அலைகிறது. என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தோள்புண் நாற்றம் எடுக்கிறது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

உன்னை வரவழைக்கப் பார்ப்பார்கள். பஸ்தியாவ் திருந்திவிட்டான் என்பார்கள், அதற்கு நீ மசியமாட்டாய். என் பயம் வேறு. ரோசின் செத்துப்போனாள், கைமண் போட வா என்று ஆள் அனுப்புவார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் வராதே. நத்தாலிக்கு என் முத்தம். நீங்கள் இரண்டு பேரும் தலை நரைக்கும்வரை வாழ வேண்டும்.

உன் அக்கா,
ரோசின்