அண்ணனின் பவுடர், என் தாடை

9 ஜனவரி 2024
மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஸ்ட்ரா வழியாகத்தான் சாப்பாடு. பேச்சும் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

பெங்களூர் ரயிலில் சீட் பிடிக்க ஜன்னல் வழியாகப் பையை எறிவது எங்கள் ஊர் வழக்கம். பை விழுந்த சீட் பைக்காரருக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை மாரிகுப்பம் ஸ்டேஷனில் வேந்தன் அண்ணன் எறிந்த பை என் தாடையில் விழுந்தது. உள்ளே எவர்சில்வர் டிபன் கேரியர். நான் ஏறியதை அவன் கவனிக்கவில்லையாம். சீட் மட்டும் கிடைத்துவிட்டது.

13 ஜனவரி
அண்ணன் சத்துப் பவுடர் டப்பாவோடு வந்தான். வேலை போக மிச்ச நேரத்தில் அதற்கு ஏஜெண்ட். "குடி ஓவியா, எலும்பு தானா கூடிக்கும்."

டாக்டரிடம் எழுதிக் காட்டிக் கேட்டேன். "பால், முட்டை, பருப்பு, எது குடிச்சாலும் சத்துதான். எடை குறையக் கூடாது. ஆனா தாடை அசையாம இருந்தாத்தான் எலும்பு கூடும். அந்த வேலைய கம்பி பாத்துக்கும்" என்றார்.

டப்பாவைத் திறக்கவில்லை. கோபம்தான், வேறென்ன?

21 ஜனவரி
ராகிக் கஞ்சி. பருப்புத் தண்ணீர். மறுபடியும் ராகிக் கஞ்சி. பிரியாணிக்கடை இருக்கும் தெருவே வேண்டாம்.

15 பிப்ரவரி
கம்பியை எடுத்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது. வாய் முழுதாகத் திறக்க இன்னும் நாளாகும்.

அதற்குள் அண்ணன் என் போட்டோவை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான் — 'எங்கள் பவுடரால் கூடிய தாடை'. உடைத்தவனும் அவனே, ஒட்டவைத்தவனும் அவனாம். ஆண்டர்சன்பேட்டை மண்டபத்தில் கம்பெனி மீட்டிங்காம். நான் மேடையேறி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டுமாம்.

19 பிப்ரவரி
பக்கத்து வீட்டு பார்வதம்மா போட்டோவைப் பார்த்து டப்பா வாங்கியிருக்கிறார். சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசியை நிறுத்திவிட்டார். "உன் எலும்பையே கூட்டிச்சாம், என் சக்கரை இன்னா பெரிசு?"

நான் அதைக் குடிக்கவே இல்லை என்றேன். நம்பவில்லை. "அண்ணன் மேல கோவம் உனக்கு. அதான் இப்டி சொல்றே."

அண்ணனிடம் போனேன். "ஊசிய நிறுத்தச் சொல்லி நானா சொன்னேன்? என் பொழப்ப ஏன் கெடுக்கறே?"

இன்னா மனுஷன் இவன்? அந்தம்மா கால்ல புண்ணு வேற, ஆறவே இல்ல. என் மூஞ்சிய காட்டி அவங்க உயிரோட விளையாடறதா? விடமாட்டேன். மேடை ஏறத்தான் போகிறேன்.

25 பிப்ரவரி
ஏறினேன். பார்வதம்மா முன்வரிசையில் இருந்தார். அவரைப் பார்த்தே பேசினேன்.

"எங்க அண்ணன் எறிஞ்ச பையில என் தாடை ஒடைஞ்சுது. ஆஸ்பத்திரில கம்பி கட்டினாங்க, கூடிச்சு. நான் குடிச்சது ராகிக் கஞ்சி. இந்த டப்பாவ இன்னும் பிரிக்கவே இல்ல, பாத்துக்கோங்க. இத நம்பி ஊசி மாத்திரைய நிறுத்தாதீங்க."

கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர் மைக்கைப் பிடுங்கினார். மைக் இல்லாமலே மறுபடி முதலிலிருந்து சொன்னேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. தாடை விண்விண்ணென்று வலித்தது. வலிக்கட்டும்.

2 மார்ச்
காலையில் பார்வதம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். ஊசி மறுபடி ஆரம்பித்தாயிற்று. புண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள். வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், முன்னாடியே கத்திச் சொல்லியிருக்கக் கூடாதா என்று.

அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், பாவம். நாளைக்கு நானே போய்ப் பேசுவேன். மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன்.